புதுத் தட்டு, பழைய உடம்பு

"மேடம், உங்க சாதனைகளைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடுங்க, புதுசா வந்த பிள்ளைகளுக்கு உதவும்" என்று கேட்டார்கள். சாதனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு காளான் விதைக்கூடத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று, தல்லாகுளத்து வீட்டில் உட்கார்ந்து, வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் கதையே என் வாயால் வந்த வினைதான்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். நாம் விற்பது விதை இல்லை. அவித்த சோளத்தின் மேல் பஞ்சு போலப் படர்ந்திருக்கும் பூஞ்சையின் உடம்பு அது. குழாயில் வளர்த்து வைத்திருக்கும் மூலப் பூஞ்சையான தாய்க் கல்ச்சரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அகர் என்னும் சத்துக்கூழ் ஊற்றிய தட்டில் வைக்கிறோம். தட்டு வெளுத்ததும் அதிலிருந்து சோளத்துக்குப் போகிறது. சோளம் பைகளில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. திருமங்கலம் தொடங்கி உசிலம்பட்டி வரைக்கும் நம் விதையை வைக்கோலோடு பையில் அடைத்த படுக்கை எல்லாம் ஒரே உடம்பின் துண்டுகள்தான். குழாயில் இருப்பதற்குக் காய்ச்சல் வந்தால் அத்தனை கொட்டகைக்கும் காய்ச்சல்.

எனக்கு முன்னால் பொறுப்பாளராக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். நான் சேர்ந்த புதிதில் நான் போட்ட ஐம்பது பை சோளம் ஒரே வாரத்தில் பச்சைப் பூசணம் பிடித்துக் கெட்டுப்போயின. சோளம் மட்டம், பை மட்டம், கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று நான் அடுக்கினேன். அவர் ஒரு புதுத் தட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"அஞ்சு விரலையும் அதுல அழுத்தும்மா."

அழுத்தினேன். மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் அந்தத் தட்டு என் மேஜையில் இருந்தது. என் ஐந்து விரல் பட்ட இடத்திலும் ஐந்து விதமாகப் பூசணம் முளைத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குத்தம் சொல்றதுக்கு முந்தி நம்ம கையத் தட்டுல வச்சுப் பாத்துரணும்மா" என்று மட்டும் சொன்னார். அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்று நினைத்தேன். நன்றாகவே மறந்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை அன்று கப்பலூர் முழுக்க லேத்துக்கும் லாரிக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் கூடத்திலும் சோளத்தை அவிக்கும் ஆட்டோகிளேவுக்கு ஒரு பொட்டு, மைக்ராஸ்கோப்புக்கு ஒரு பொட்டு. பொரிகடலை வருவதற்கு முன்னால் இவர் மட்டும் உள்ளே போய், தாய்க் கல்ச்சரிலிருந்து நாலைந்து துண்டு வெட்டி, கொதித்து ஆறிய வெறும் தண்ணீர் உள்ள சின்ன பாட்டிலில் போட்டு, மூடியை மெழுகால் அடைப்பார். வருஷத்தை மட்டும் பென்சிலால் எழுதுவார். பிறகு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிடுவார். வருஷத்துக்கு ஒன்று. அதை யாரும் திறந்ததில்லை.

"சாமிக்கா சார்?" என்று ஒருதரம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும்மா" என்றார். விளக்கம் சொல்லும் மனிதராக இருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது. கல்லூரியில் நாத்திகம் பேசித் திரிந்த எனக்கு அந்தப் பாட்டில்களைப் பார்த்தாலே உள்ளுக்குள் இளக்காரம்.

அவர் ஓய்வு பெற்றுப் போன மறு வருஷம் ஒரு தரச்சான்றுக்காகப் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. நான் சுவரிலிருந்து சாமி படத்தைக் கழற்றினேன். கண்ணாடிச் சாமான் கழுவும் காளியம்மாளைக் கூப்பிட்டு, "இந்தப் பொட்டு வச்ச பாட்டிலை எல்லாம் தூக்கிப் போடு" என்றேன்.

"பூசை வச்சது மேடம்."

"பூசை வச்சா? தூக்கிப் போடுன்னா போடு."

காளியம்மாள் முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். ஒன்பது பாட்டில். பார்வையிட வந்தவர்கள் கூடம் பளிச்சென்று இருப்பதாகப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருமங்கலம் தாண்டி மேற்கே ஒரு கிராமம். அங்கே எங்களிடம் விதை வாங்கும் மகளிர் குழுவில் பதினாலு பேர் சொந்த நிலமுள்ள வீட்டுப் பெண்கள். பதினைந்தாவது ஆள் பேச்சியம்மாள், ஊரின் கடைசித் தெரு. அவள் வீட்டில் அவளுக்கு முந்தைய தலைமுறை வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் வேலை. அவள்தான் முதன்முதலில் தனக்கென்று ஒரு கீற்றுக் கொட்டகை போட்டவள். விடிந்ததும் காளானைப் பறித்து, குழுவின் மற்றப் பெட்டிகளோடு ஒரே ஆட்டோவில் ஏற்றி, பஸ் பிடித்து ஆரப்பாளையம் கொண்டுவந்து காய்கறிக் கடைகளுக்கும் இரண்டு மெஸ்ஸுக்கும் போடுவாள். அவள் காளான் மற்றவர்களுடையதைவிடத் தடிமனாக இருக்கும். கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

பார்வையிட ஆட்கள் வந்துபோய்ச் சில வருஷம் கழித்து, ஒரு நாள் அவள் போன் செய்தாள்.

"மேடம், விதை சோம்பலா இருக்கு மேடம். முந்தியெல்லாம் பதினஞ்சு நாள்ல படுக்கை முழுக்க வெள்ளையா ஏறிரும். இப்பப் பாதி தூரம் வந்து மஞ்சளாகி நின்னுருது. என்னான்னு பாருங்க மேடம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் கூடத்து விதையையா? "தண்ணிய ஒழுங்கா தெளிம்மா, விதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. ஏழு நாளில் வெளுக்க வேண்டிய தட்டு எட்டு நாள் எடுத்தது. மார்கழிக் குளிர் என்றேன். ஒன்பது நாள் எடுத்தது. தட்டில் ஊற்றிய அகர் சரியில்லை என்று அகர் விற்றவனைத் திட்டினேன். பத்து நாள் ஆனபோது, பத்து நாள்தான் வழக்கம் என்று எனக்கே பழகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்போது மனுஷனுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துகொள்வோம்.

அந்த மாதக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து எல்லோருமாகப் பேச்சியம்மாள் கொட்டகையைப் பார்க்கப் போனோம். படுக்கைகள் மஞ்சளடித்துக் கிடந்தன. ஒன்றில் கையகலத்துக்குப் பச்சைப் பூசணம். எனக்கு அது போதும்.

"விதையக் குறை சொன்னியே, இது என்ன? கை கழுவாம, கொட்டாயக் கூட்டாம, சுத்தம்னா கிலோ என்ன வெலைன்னு கேட்டா காளான் எப்படிம்மா வரும்?"

"டெட்டால் போட்டுத்தான் மேடம் கழுவுறேன்."

"அப்பப் பூசணம் பொய் சொல்லுதா? உன்னால குழுவுக்கே கெட்ட பேரு."

பதினாலு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. குழுத் தலைவி ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னதை ஒத்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பலவீனமான பூஞ்சை மெதுவாகத்தான் படரும், காலியாகக் கிடக்கும் வைக்கோலில் பச்சைப் பூசணம் வந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முப்பது பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். கோபம் வந்தால் படித்தது எல்லாம் எங்கே போகுமோ தெரியவில்லை.

நான் சொன்னது ஆய்வகத்துச் சுத்தம். ஆனால் கடைசித் தெருப் பெண்ணைப் பார்த்து, ஊர் நடுவில் வைத்து, படித்த ஒருத்தி அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. சிலர் வாய்விட்டுச் சொல்லக் கூசிக்கொண்டிருந்ததை நான் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மறுநாளே அவள் பெட்டியை மற்றவர்கள் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றவில்லை. தனியாகக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஆரப்பாளையம் கடைகளிலும் "மேடமே சொல்லிட்டாங்களாமே" என்று கையை விரித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் காவலாளி வந்து, ஒரு அம்மா சாக்கோடு கேட்டில் நிற்கிறாள் என்றான். பேச்சியம்மாள் என்று தெரிந்ததும், "இருக்கச் சொல்லு" என்று ஒரு மணி நேரம் வெயிலில் காக்க வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. சாக்கிலிருந்து இரண்டு படுக்கைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்று பூராவும் வெள்ளை, குட்டிக் குட்டியாகக் காளான் மொட்டுகூட விட்டிருந்தது. இன்னொன்று பாதிக்கு மேல் மஞ்சள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மேடம். இந்த மஞ்சளு உங்க விதை. இந்த வெள்ளை வேற எடத்துல வாங்குனது. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே வைக்கோல்ல, ஒரே கொட்டாய்ல போட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன். என் கை அழுக்குன்னா ரெண்டும்ல கெட்டுருக்கணும்?"

ஆய்வில் இதற்குப் பெயர் ஒப்பீட்டுச் சோதனை. நாம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டியது. அதை அவள் தன் கொட்டகையில், என்னிடம் திட்டு வாங்கிய பிறகு, தனியாகச் செய்திருக்கிறாள்.

"அடுத்த கூட்டத்துல என்னையக் குழுவ விட்டு எடுக்கப்போறாங்களாம் மேடம். எடுத்தாக் களை எடுக்கப் போயிருவேன், அது ஒண்ணும் புதுசில்ல. ஆனா அழுக்குப் பொம்பளைன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போக மாட்டேன். எம் மக பள்ளிக்கூடத்துல அந்தப் பேரு வரைக்கும் போயிருச்சு."

சொல்லிவிட்டு நின்றாள். அழவில்லை. நான்தான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து விரல் பதிந்த அந்தத் தட்டு கண் முன்னால் வந்து நின்றது.

அவள் போன பிறகு பதிவேடுகளை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவதை எங்கள் கூடத்தில் 'மாத்து' என்போம். ஒவ்வொரு மாத்துக்கும் புதுக் குழாயில் அன்றைய தேதியை எழுதுவோம். எல்லாக் கூடத்திலும் அதுதான் பழக்கம். யோசித்துப் பாருங்கள், அது எத்தனாவது மாத்து என்று எந்தக் குழாயிலும் இல்லை. எந்தக் குழாயை எடுத்தாலும் போன மாதம்தான் பிறந்தது மாதிரி இருக்கும். பதிவேட்டில் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனேன். எண்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நகரத்தில் ஒரு கல்லூரியில் பர்வீன் என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். பூஞ்சைகளுக்கு எப்படி வயதாகிறது என்பதுதான் அவள் ஆய்வு. நான் கூப்பிட, வந்து தட்டைப் பார்த்ததும், "மேடம், இதுக்கு வயசாயிருச்சு" என்றாள்.

"நேத்து மாத்துன தட்டும்மா."

"தட்டுதான் மேடம் புதுசு. உடம்பு பழசு."

அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு, உடம்புக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது அதுதான் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதற்கென்று தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ இருக்கிறது. பூஞ்சை வளர வளர அது பிரதி எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு பிரதியில் ஒரு துண்டு விட்டுப்போகும். துண்டு விட்டுப்போனது குட்டையாக இருப்பதால் சில சமயம் சீக்கிரம் சீக்கிரமாகப் பெருகி, முழுசாக இருப்பதை ஓரங்கட்டிவிடும். அப்புறம் சக்தி குறையும், வளர்ச்சி தளரும், கடைசியில் நின்றே போகும்.

"தல்லாகுளம் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பீங்கல்ல மேடம்? ஒரிஜினலை வீட்ல வச்சுட்டு ஜெராக்ஸையே ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போனா ஒரு கட்டத்துல கையெழுத்தே இருக்காது. அந்த மாதிரிதான். காட்டுல இருந்தா இது பூத்து வித்துத் தூளைப் பறக்கவிட்டுப் புது உடம்பு எடுத்துக்கிடும். நாம அதுக்கு விடலையே."

ஆனால் இது ஊகம்தான் என்றாள். வேறு காரணமும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், இதே கல்ச்சரின் பழைய மாதிரி ஒன்று வேண்டும். அப்போதைய டிஎன்ஏயையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு கூடத்தின் கல்ச்சரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய மாதிரிக்கு நான் எங்கே போவேன்? தூக்கிப் போடச் சொன்னவளே நான்தானே?

முதலாளிக்குப் போன் செய்து, விதை அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பதறிவிட்டார். "எதுக்கும்மா ஊரக் கூட்டுற? வேற எடத்துல நல்ல கல்ச்சர் ஒண்ணு வாங்கு, சத்தமில்லாம மாத்திரு. அடுத்த மாசம் எல்லாருக்கும் நல்ல காளான் வரும், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இது நல்ல யோசனைதான். அங்கேதான் ஆபத்து. விதை சரியாகிவிடும், கூடத்தின் பெயர் கெடாது, என் பெயரும் கெடாது. ஒன்றரை நாள் அதையே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன், மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் எல்லோருக்கும் காளான் வரும், பேச்சியம்மாளுக்கு மட்டும் பெயர் திரும்ப வராது. குழுவை விட்டு எடுத்ததும் சரியாகிவிட்டது பார், அவள் கைதான் ராசியில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். சோற்றில் கையை வைத்தால் அவள் நின்ற நிலைதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் நானே ஒவ்வொருவராகப் போன் செய்தேன். விதையில் கோளாறு, நிறுத்தி வைத்திருக்கிறோம், தவறு எங்கள் பக்கம் என்று சொன்னேன். ஜெயக்கொடியிடம் சொன்னதும், "எங்களுக்கும் அப்பிடித்தான் மேடம் இருந்துச்சு. நாலஞ்சு மாசமாவே மஞ்சளாத்தான் வருது" என்றாள்.

"ஏன்மா அன்னைக்குச் சொல்லல?"

"சொன்ன பேச்சியவே அம்புட்டுத் திட்டுத் திட்டுனீங்களே மேடம். எங்களுக்கும் அது எதுக்குன்னுதான்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கல்ச்சருக்கு வயதானது இயற்கை. அதை மற்றவர்கள் என்னிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம் என் வாய்.

நான் முதலாளியோடும் பர்வீனோடும் மாறி மாறிப் பேசியதை எல்லாம் காளியம்மாள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வந்து கதவோரமாக நின்றாள்.

"மேடம், திட்டக் கூடாது."

"என்ன?"

"அந்தப் பொட்டு வச்ச பாட்டிலு, நான் தூக்கிப் போடல மேடம். பூசை வச்ச பொருள எப்பிடிக் குப்பையில போடுறது? கழுவுற ரூம்ல அடிப்பலகையில, வாளிக்குப் பின்னாடிதான் வச்சிருக்கேன். வருசா வருசம் நான்தான் பொட்டு மாத்துறேன்."

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டம்தான். இருட்டு, குளிர்ச்சி, ஆள் கை படாத இடம். ஒன்பது பாட்டிலும் வரிசையாக இருந்தன. குங்குமம் மட்டும் புதிது. காளியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழ, "நல்ல வேளை திட்டல" என்று அவள் சிரித்தாள்.

பூஞ்சைத் துண்டு தண்ணீரில் கிடந்தால் வளராது, அதே சமயம் வருஷக்கணக்கில் சாகாமலும் இருக்கக்கூடும். வளராததால் பிரதியும் ஓடாது, வயதும் அவ்வளவாக ஏறாது. அந்த மனிதருக்கு இது தெரிந்துதான் செய்தாரா, கும்பிட்டு வைத்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் உறுத்தியது. ஒன்பது பாட்டிலும் அவர் காலத்தவை. என் காலத்தில் நான் ஒன்றுகூட வைக்கவில்லை.

ஒன்பதையும் ஒன்பது தட்டில் போட்டோம். நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாளும் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. ஆறாம் நாள் காலை நான் வண்டியை நிறுத்துவதற்குள் காளியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மேடம், முளைச்சிருச்சு மேடம்! நாலு தட்டுல!"

பழைய ஐந்து பாட்டில்கள் போய்விட்டன. பிந்திய நாலு பிழைத்தன. சுத்தமான வெள்ளை, தட்டின் நாலு பக்கமும் ஒரே சீராக ஓடியது. அதிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றிப் போட்டோம், ஏழாம் நாள் தட்டு நிறைந்தது. ஏழு நாள்! எத்தனை வருஷம் ஆயிற்று அப்படிப் பார்த்து.

பர்வீன் நாலையும், எங்கள் நடப்புக் கல்ச்சரையும் எடுத்துக்கொண்டு போனாள். சில நாளில் ஒரு படத்தோடு வந்தாள். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயின் ஒரு பகுதி, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை பட்டையாக. பிழைத்த நாலில் பழைய மூன்றிலும் முழு நீளப் பட்டை ஒன்றே ஒன்று. கடைசிப் பாட்டிலில் அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இன்னொரு பட்டை, துண்டு விட்டுப்போன குட்டை. எங்கள் இப்போதைய கல்ச்சரில் அந்தக் குட்டைதான் பளிச்சென்று இருந்தது, முழுசு மங்கிப்போயிருந்தது. இது ஒன்றேதான் காரணம் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், இன்னும் பார்க்க வேண்டும் என்றாள் பர்வீன். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் கோளாறு குழாயிலிருந்துதான் புறப்பட்டது, கொட்டகையிலிருந்து இல்லை என்பதற்கு அந்தப் படமும் அந்தத் தட்டுகளும் போதும்.

பேச்சியம்மாளுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன்.

"போன்ல எதுக்கு மேடம்?" என்றாள். "போன்லயா திட்டுனீங்க?"

கூட்டத்துக்குப் போனேன். பழைய பாட்டிலிலிருந்து ஒன்று, நடப்புக் கல்ச்சரிலிருந்து ஒன்று என இரண்டு தட்டுகளையும் பர்வீனின் படத்தையும் எடுத்துப் போனேன். ஊர்ச் சமுதாயக்கூடத்தில் பதினைந்து பெண்களும், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊரும் இருந்தார்கள். ஆரப்பாளையத்திலிருந்து ஒரு கடைக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், விதை எங்களுடையது, அதற்கு வயதாகிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை, அவள் கொட்டகையில் ஒரு குற்றமும் இல்லை, அதைக் கண்டுபிடித்ததே அவள்தான். எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன், அன்று மாதிரி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

பேச்சியம்மாள் எழுந்து வெளியே போனாள். போய்விட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு தூக்குச் சட்டியோடு திரும்பி வந்தாள். என்னிடம் கொண்டுவந்து காட்டிய அந்த வெள்ளைப் படுக்கையில் வந்த காளான், குழம்பு வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, என் முன்னால் வைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மேடம். சுத்தமில்லேன்னு சொன்ன வாய்தான? இங்கன உக்காந்து, எல்லாரும் பாக்கச் சாப்பிடுங்க."

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தாலா வேறெதாலா என்று எனக்கே தெரியவில்லை. மொத்தக் கூடமும் என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தது. பாதித் தட்டு முடிந்திருக்கும், ஜெயக்கொடி எழுந்து வந்தாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பேச்சி, எனக்கும் ஒரு கரண்டி ஊத்து" என்றாள்.

பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு ஊற்றினாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள், அதற்கப்புறம் இரண்டு பேர். எல்லோரும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மறுநாள் காலை அவள் பெட்டி மற்றப் பெட்டிகளோடுதான் ஆட்டோவில் ஏறியது.

நான் கிளம்பும்போது பேச்சியம்மாள் வண்டி வரைக்கும் வந்தாள்.

"புது விதை எப்ப மேடம் வரும்?"

"மூணு வாரத்துல வந்துரும். இந்தத் தடவை நல்ல இளசு."

"அது எத்தனாவது மாத்து?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. போனில் நான் சொன்னதை எல்லாம் அவள் மனதில் வைத்திருக்கிறாள். "மூணாவது" என்றேன்.

"அத வாயால சொல்லாதீங்க மேடம்," என்றாள். "பையில எழுதிக் குடுங்க."